ஒன்று முதல் இருபத்தைந்து வரை

பதினேழைத் தாளின் இடது மூலைக்குத் துரத்திவிட்டு, பதினெட்டை வலது மூலையில் எழுதினாள் டெய்லரக்கா. "இப்பத் தேடட்டும்!" சட்டை அளவு வரையும் பழுப்புத் தாளில் ஒன்று முதல் இருபத்தைந்து வரை வட்டங்கள். தினமும் புதுத் தாள், புது இடம். கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் அதைத் துணிக்குவியலுக்கு அடியில் ஒளித்துவிட வேண்டும். முன்கூட்டியே எட்டிப்பார்க்கிற ஆசாமி அவர்.

காலை ஏழரைக்கு அவர் பென்சிலோடு தையல் மேசைக்கு எதிரே உட்காருவார். எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். போனில் வினாடி ஓடும். அக்கா தைத்துக்கொண்டே கவனிப்பாள். தையலைப் பாதியில் விட்டு எழுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. வாசலில் யார் கூப்பிட்டாலும் "இந்தக் கை முடியட்டும், இருங்க" என்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் அதே பதில்தான்.

கணவர் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஈரல் சுருங்கிப்போய்விட்டது. அது வடிகட்டாமல் விடும் நஞ்சு மூளைக்குப் போய்ப் புத்தியைக் குழப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருடம் ஒருநாள் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்து சிரித்தார். வேடிக்கை காட்டுகிறார் என்று இவளும் சிரித்தாள். மறுநாள் எழுப்ப எழுப்ப எழவில்லை. ஐந்து நாள் நினைவில்லாமல் கிடந்தார். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

"குழப்பம் லேசா இருக்கும்போதே பிடிச்சுட்டா மருந்தக் கூட்டி சரி பண்ணிடலாம்மா. அதப் பிடிக்க ஊசி வேணாம், பென்சில் போதும்" என்று டாக்டர் எண்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். வழக்கத்தைவிட நேரம் கூடினால் அன்றே கூட்டிவர வேண்டும்.

அதையே ஜெராக்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஓட்டினாள். தினமும் முப்பத்தெட்டு வினாடி, அப்படியே. ஒருநாள் பல் தேய்க்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கென்று யோசித்தபடி அவர் நின்றார். தாளிலோ அன்றும் முப்பத்தெட்டு! அவளுக்கு உறைத்தது. கையில் கிடைத்த தாளில் தானே வட்டங்கள் போட்டு நீட்டினாள். மனிதர் ஒன்பதிலேயே நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறித் தெளிந்த பிறகு ஒப்புக்கொண்டார். "ஒரே ரூட்டுல அறுபது நாள் ஓட்டினா கண்ண மூடிக்கிட்டே போலாம்மா."

"யார ஏமாத்துறீங்க? என்னையா, உங்க ஈரலையா?"

பாவம், ஆஸ்பத்திரிக் கட்டில் என்றாலே அவருக்குப் பயம். அதனால்தான் அவருக்கு இந்தப் பரீட்சையில் எப்படியாவது தேறிவிட வேண்டும். அவளுக்கோ உண்மை தெரிய வேண்டும். முடிந்ததும் "வண்டிய நிறுத்துங்க" என்பாள். அவர் இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கையைப் போலீஸ்காரர் மாதிரி நிமிர்த்திக் காட்டுவார். நஞ்சு ஏறினால் மணிக்கட்டு படபடக்கும்; படபடக்காமல் நின்றால்தான் அன்றைக்கு விடுதலை. புதுத் தாள்களில் ஐம்பது வினாடி ஆகிறது. அது அவருடைய சொந்த ஐம்பது.

இன்று பென்சில் பதினேழைத் தொட்டு நின்றது. நடுவுக்கு வந்தது, மேலே போனது, மறுபடி பதினேழுக்கே திரும்பியது. போனில் எழுபது தாண்டியது. அக்கா ஒரு சட்டைக் கையை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு எழுத மறந்துட்டியா?"

வலது மூலையில், அவருடைய கண்ணெதிரிலேயே பதினெட்டு இருந்தது.

"நேத்து சரியாத் தூங்கல, அதான். இன்னொரு தாள் போடேன், டக்குனு முடிச்சிடறேன்" என்றார். சிரிக்கவும் செய்தார்.

அவள் சிரிக்கவில்லை. மிஷின் நின்றது. ஊசி துணியில் குத்தியபடி இருக்க, பாதி தைத்த கை மேசையிலிருந்து தொங்க, அக்கா எழுந்துபோய் அவருடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.