பரஸ்தானப் பை

"வடக்க போறியா? செவ்வாக்கெழம சூலம்லா. ஒரு வாய் பாலக் குடிச்சிட்டு வண்டிய எடு" என்று சொல்லியபடியே செல்லக்கனி ஒரு பால் பாக்கெட்டை எடுத்துக் கல்லா மேல் வைக்கிறாள். டிரெய்லர் ஓட்டும் பக்தவச்சலத்துக்கு வாரம் முழுக்க எண்ணூர் துறைமுகம்தான், அதாவது வடக்குதான். ஆகவே செவ்வாயும் புதனும் பால் செலவு தப்பாது. "யாவாரத்துக்கு நல்லாத்தான் ரூட்டு புட்ச்சி வச்சிகீறக்கா" என்பார் அவர். "வேண்டாம்னா வச்சிட்டுப் போ, யாரு கையப் பிடிச்சா?" என்பாள் இவள். ஒரு நாளும் அவர் வைத்துவிட்டுப் போனதில்லை.

காலடிப்பேட்டையில் அந்த மளிகைக் கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. பஞ்சாங்கக்காரக்கா கடை என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து சுப்புராஜைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள். வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சு மட்டும் இன்னும் தாம்பரம் தாண்டவில்லை. தராசுக்கு மேலே சணலில் பஞ்சாங்கம் தொங்குகிறது. ஓரமெல்லாம் மஞ்சள் தூளும் கடலை மாவும். ஒரு கை பருப்பை அளக்கும், ஒரு கை பக்கத்தைப் புரட்டும். யாரோ அன்பாகக் கொடுத்த இன்னொரு பஞ்சாங்கத்தை அவள் அலமாரித் தட்டில் விரித்து ஊறுகாய் பாட்டில்களை அடுக்கிவிட்டாள். "ரெண்டு வச்சிருந்தா ரெண்டு நேரம் சொல்லும். மனுசன் எதத்தான் கேப்பான்?"

திங்களும் சனியும் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். இதைக் கேட்டு, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் மீன்காரி பூவம்மா ஒரு தடவை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க ஆளுங்க தெனம் கெயக்கதாங்க்கா போறாங்க. தயிர ட்ரம்முலதான் வாங்கணும்." செல்லக்கனி கொஞ்ச நேரம் யோசித்து, கடலுக்குச் சூலம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பூவம்மா கேட்டதும் அவளுக்கு அளக்க வேண்டிய உளுந்து ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் அவளுடைய பெரிய வித்தை பரஸ்தானம்தான். புறப்பட வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையா? கவலை வேண்டாம். அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில் உங்கள் பையை மட்டும் கிளப்பி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு நாள் மோசமாக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இப்படிக் கப்பல் வேலைக்குப் போகிறவன் பை, பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள் பை என்று அவள் கடையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பையாவது உட்கார்ந்திருக்கும். அதற்கு இரண்டு சட்டம் வைத்திருக்கிறாள். வைத்த பை திரும்ப வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. இரண்டாவது, பையில் பழைய துணியைத் திணித்துக் கிரகத்தை ஏமாற்றக்கூடாது. "எது இல்லாம உனக்கு ஆகாதோ, அதத்தான் முன்னால அனுப்பணும்."

போன வருஷம் சுப்புராஜுக்கு நெஞ்சில் அடைப்பு என்று சொல்லி, ஆபரேஷனுக்காகச் செவ்வாய்க்கிழமை வந்து சேரச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்த கையோடு செல்லக்கனி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். திங்கள் காலையிலிருந்து அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். செவ்வாய் முடிகிற வரைக்கும் விடாது.

"சந்திரன் எட்டுல போனா போய்ட்டுப் போறான். அடைப்பு எனக்கு நெஞ்சுலல்லா இருக்கு" என்றார் சுப்புராஜ்.

"வாயக் கழுவுங்க. விளையாடுத நேரமா இது?"

ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவளுக்குத் தன் வீட்டுக்கு வழி தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் அவர் குளிக்கப் போயிருந்தபோது பை தயாரானது. இரண்டு வேட்டி, துண்டு, மூக்குக் கண்ணாடி எல்லாம் வைத்த பிறகும் அவள் மனம் ஒப்பவில்லை. எது இல்லாமல் இந்த மனுசனுக்கு ஆகாது? ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் அது இருந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டுக்குள் சுருட்டிப் பைக்கு அடியில் வைத்தாள். ஆஸ்பத்திரி இருக்கும் தெற்குப் பக்கம், பூவம்மா வீட்டில், டிவிக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு வந்தபோது பாரம் இறங்கியது போலிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் ராகுகாலம் பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சோடாப் பெட்டியை நகர்த்தப் போன சுப்புராஜ் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. வெறும் பை.

"கனி... மாத்திர எங்க?"

அவள் பூவம்மா வீட்டுக்கு ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. பூவம்மா "இன்னாக்கா, இன்னாச்சி?" என்று எழுவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள், கடை வாசற்படி வரைக்கும். வீட்டுக்கும் அதுதான் வாசற்படி. படியில் ஒரு கால் வைத்தவளுக்கு மறு கால் எழும்பவில்லை. வைத்த பை படியேறக்கூடாது. உள்ளே புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்ப்பது தெரிகிறது, ஆனாலும் கால் எழும்பவில்லை.

"இன்னாத்துக்கு முயிச்சிகினு நிக்கிற? அண்ணன் சாவுது அங்க!" பின்னாலேயே ஓடி வந்த பூவம்மா பையைப் பிடுங்கித் தெருவிலேயே கவிழ்த்தாள். வேட்டி சாக்கடை ஓரமாக விழுந்தது. துண்டை உதறியதும் அட்டை கிடைத்தது. மீன் செதில் ஒட்டிய கையாலேயே மாத்திரையைப் பிரித்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தவள் பூவம்மாதான்.

தெருமுனையில் நின்ற மொஹ்சினின் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ராகுகாலத்தில் சவாரி ஏற்றாதே என்று இதே அக்காவிடம் பல தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். சாவியைத் திருகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "அக்கா, டைம் இப்ப..."

"டைமாவது மண்ணாவது! ஓட்டுய்யா!" என்று அலறினாள் செல்லக்கனி.

செவ்வாய்க்கிழமைக்குக் காத்திராமல் அன்றைக்கே அடைப்பை எடுத்துக் குழாய் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர். கண் விழித்த சுப்புராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாத்திரைய எதுக்குட்டி எடுத்த?"

"நல்லதுக்குன்னுதான்..." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை, கேலிக்குக்கூட. கேலி செய்திருந்தால் தேவலை என்றிருக்கும் அவளுக்கு.

பஞ்சாங்கம் இன்னும் தராசுக்கு மேலேதான் தொங்குகிறது. புது வருஷத்துப் பஞ்சாங்கம், அதற்குள் ஓரத்தில் மஞ்சள் ஏறிவிட்டது. செவ்வாய்க்குப் பால், வெள்ளிக்கு வெல்லம், எதுவும் குறையவில்லை. சுப்புராஜ் கல்லாவில் உட்கார்ந்து கீரைக்காரியிடம் பேரம் பேசுகிறார். அவர் சட்டைப் பை கொஞ்சம் புடைத்திருக்கிறது.

சென்ற வாரம் பக்தவச்சலம் ஒரு ரெக்ஸின் பையோடு வந்தார். விசாகப்பட்டினத்துக்கு லோடு, கிளம்புகிற அன்றைக்கு அஷ்டமி.

"வடக்கப் போறவனுக்கு உன் கட வடக்காலதான கீது. இங்க வச்சிட்டுப் போறேன்க்கா."

"நேரம் நல்லாத்தான் இருக்கு. வச்சிட்டுப் போ" என்றாள். வெங்காய மூட்டைப் பக்கம் கொண்டு போகப் போனவள் நின்றாள். பையைக் கல்லா மேல் வைத்து, யாரையும் கேட்காமல் ஜிப்பைத் திறந்தாள். கைலி, பனியன், சீப்பு, சார்ஜர். அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தாள்.

"அது சுகர் மாத்திரக்கா. எது இல்லாம ஆகாதோ அத்த வையின்னு நீதான சொன்ன?"

செல்லக்கனி கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அட்டையை அவர் சட்டைப் பைக்குள் போட்டு, பை மூடியின் பொத்தானையும் தன் கையாலேயே போட்டுவிட்டாள்.