அடுப்பின் மிச்சச் சூடு

உணவகத்தில் அப்பா ஸ்டேக் கறித்துண்டை மென்று பார்த்துவிட்டு, முடியாமல் தட்டிலேயே வைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மா இறந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலை விட்டு வந்து சமைக்க எனக்கும் தெம்பில்லை. இந்த உணவகம், கம்பம் ஊரில் நாங்கள் முன்பு நடத்திய பேக்கரிதான். கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள் எங்கள் விறகு அடுப்பிலேயே இன்னும் ரொட்டி சுடுகிறார்கள். பேக்கரி நடந்த காலத்தில் ஞாயிறுதோறும் ரொட்டி வெந்து முடிந்ததும் தெருப் பெண்கள் கறிச்சட்டிகளைக் கொண்டுவர, அப்பா அவற்றை அடுப்பின் மிச்சச் சூட்டில் தள்ளி வைப்பார். மதியத்துக்குள் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றிருக்கும், சட்டி மாறிப்போய் அவர்களுக்குள் சண்டையும் நடக்கும்.

“இது என் சட்டியில்ல, வெறும் எலும்பா கெடக்கு!”

“ஒன் சட்டியில என்னைக்கு ஆத்தா கறி இருந்துச்சு?”

அந்தச் சண்டையை நினைவூட்டினேன்.

“ஒங்கம்மா சட்டி மட்டும் மாறவே மாறாது” என்றார் அப்பா.

வருகிற ஞாயிறு ஒரு சட்டியோடு வந்து, அடுப்பில் இடம் கேட்கப்போகிறேன்.