அம்மாவுக்கு இறங்கிய அபிஷேகம்

சபையில் தம்புரு அடிக்கும் இடம் எனக்குக் கிடைத்தபோது வயது ஒன்பது. வட்டச் சட்டத்தில் சின்னச் சின்னத் தகடுகள் கோத்த வாத்தியம் அது. அதற்கு முன் அதை அடித்துக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகித் தளவாய்புரம் போய்விட்டாள். தாளம் பிசகாமல் அடிப்பேன் என்பதால்தான் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வயதில் சபைக்கு ஒழுங்காக வருகிற பிள்ளை நான் ஒருத்திதான் என்பதைச் சொல்ல மாட்டேன்.

எங்கள் சபை ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. கர்த்தர் செய்த நன்மைகளுக்கு நன்றி சொல்வது என்றால் அங்கே கை கட்டி நின்று பாடுவது இல்லை. கை தட்ட வேண்டும், குதிக்க வேண்டும், தொண்டை கட்டினாலும் பாட வேண்டும். ஆவி இறங்கினால் சிலர் ஆடுவார்கள். சிலர் தரையில் விழுந்து நடுங்குவார்கள். அதை அபிஷேகம் என்பார்கள். விழுந்தவரை யாரும் தொடுவதில்லை. சுற்றி நின்று இன்னும் சத்தமாகத் துதிப்பார்கள்.

அம்மா பேண்டேஜ் துணி சுற்றும் வேலைக்குப் போய்வந்தாள். அவளுக்கு வலிப்பு நோய். தெருவில் விழுந்திருக்கிறாள், வேலை செய்த இடத்தில் விழுந்திருக்கிறாள், என் பள்ளிக்கூட வாசலிலும் ஒருமுறை விழுந்தாள். யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். எழுந்ததும் அவள் முதலில் சேலையைத்தான் சரி செய்தாள். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கக்கூட யோசிப்பாள். அப்படிப்பட்டவள் சபையில் மட்டும் வேறு ஆளாக இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, குரல் உடையப் பாடுவாள். அவள் பக்கத்தில் நிற்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்பா சபைக்குள் வர மாட்டார். வண்டியில் எங்களைக் கொண்டுவந்து விடுவார், முடிந்ததும் வந்து கூட்டிப்போவார்.

மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவோம். நல்லா இருக்கேன்னு நிறுத்திராதீங்க என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அம்மா ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவாள். இரண்டு வருடம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அந்த இரண்டாவது வருடம், கர்த்தர் செய்ததை எல்லோருக்கும் சொல்லும் சாட்சி ஞாயிறு ஒன்றில் அம்மா எழுந்து மைக்கைப் பிடித்தாள். கர்த்தர் என்னைச் சுகமாக்கினார், அவருக்கு ஸ்தோத்திரம் என்றாள். கொட்டகை அதிரக் கை தட்டினார்கள். பால்கோவா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, அவள் அடுப்படியில் மாத்திரையை வாயில் போடப்போவதைப் பார்த்தேன். ஞாயிறு வகுப்பில் பொய்ச் சாட்சி பெரிய பாவம் என்று அப்போதுதான் படித்திருந்தோம்.

"சுகமாயிட்டேன்னு சாட்சி சொன்னியேம்மா, பொறவு எதுக்கு மாத்திர? அப்ப நீ சொன்னது பொய்யா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள்.

"நீ சொல்லுறதும் சரிதாம்ட்டி" என்று அதை அட்டையோடு சேர்த்து மேல்தட்டில் வைத்தாள். நான் பல் விளக்கப் போனேன். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அந்தப் பேச்சே எனக்கு மறந்துபோயிற்று.

வருடக் கடைசியில் ஸ்தோத்திர ஆராதனை வந்தது. வருடம் முழுக்கக் காத்ததற்கு நன்றி சொல்லும் ஞாயிறு. கொட்டகை நிறைந்து வெளியேயும் நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டில் நான் வேகம் பிடித்தேன். அம்மா கையைத் தூக்கி நின்றவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள். தரையில் கிடந்து அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

யாரும் பதறவில்லை. வலிப்பு போய்விட்டது என்று எல்லோர் காதும் கேட்க அவளே சொல்லியிருக்கிறாள். அப்புறம் எப்படி அது வலிப்பாக இருக்கும்? எத்தனையோ கூட்டங்களில் காத்திருந்தவளுக்குக் கடைசியில் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று பெண்கள் அழுதுகொண்டே துதித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் கால் என் தாளத்துக்குத்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். உள்ளங்கை சிவக்கச் சிவக்க அடித்தேன். பாட்டு முடிந்தது, மறுபடி முதலில் இருந்து பாடினார்கள். அவ்வளவு மனசார அதற்குப் பிறகு நான் கடவுளுக்கு நன்றி சொன்னதில்லை.

எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் இருந்து பார்த்துவிட்டார். செருப்புக்காலோடு உள்ளே ஓடிவந்து ஆட்களைத் தள்ளிவிட்டு அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயோரம் நுரையில் ரத்தம் இருந்தது.

"ஏட்டி, அத நிறுத்து" என்றார் என்னிடம். பிறகுதான் பாட்டு நின்றது.

ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அம்மாவைக் கொண்டுவந்து வீட்டு நடுவில் கிடத்தினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன. அப்பா அவற்றை அள்ளிக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

"இத நிறுத்தச் சொன்னது யாரு? அத மட்டும் சொல்லுங்க."

பாஸ்டர் அட்டைகளைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொல்லலய்யா. மாத்திர போடாதீங்கன்னு நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல."

அப்பா நம்பவில்லை. தெருவும் நம்பவில்லை. அங்கே போய்த்தான் அவள் செத்தாள் என்று பேசினார்கள். சபைக்கு ஆட்கள் வருவது குறைந்தது, பாஸ்டர் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு போனது. கிளம்பும் முன் அவர் மனைவி என்னைத் தொட்டு ஜெபிக்க வந்தபோது நான் கையைத் தட்டிவிட்டேன்.

அன்று பாஸ்டர் வீட்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷனை முறைத்தபடியே நின்றேன். பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அப்பா கேட்டது என்னைத்தான் என்பது மட்டும் தெரியவில்லை.