எஸ்டேட் ரொட்டி

காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, மத்தியானம் வரைக்கும் பொறுக்கவும் மாட்டாமல், பத்துப் பதினொரு மணிக்கு ஆற அமர இருந்து சாப்பிடுவதற்கு 'பிரன்ச்' என்று பெயராம். கிளிநொச்சியில் இப்போது அதற்கென்றே ஒரு கடை திறந்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து வந்த மச்சான், என் மனைவியின் தம்பி, எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனான். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் அந்தக் கடையின் மெனு அட்டைமேல்தான். ஒரு கிழமையாகிவிட்டது, இன்னும் இறங்கவில்லை. அதுதான் உங்களிடம் கொட்டித் தீர்க்கிறேன்.

ஏ.சி. போட்ட அறை, கண்ணாடிச் சுவர். வெளியே பெரிய வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவது சத்தமில்லாமல் தெரிந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் நாலு பேரும் சாப்பாடு வந்ததும் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். எடுத்து, பார்த்து, சரியில்லை என்று மறுபடி எடுத்து முடிக்கும்போது முட்டை ஆறிப்போயிருக்கும். எங்கள் மேசைக்கு ஒரு மரப்பலகை வந்தது. பலகையில் இரண்டு ரொட்டி, சின்னச் சட்டியில் காரமான கட்டச்சம்பல், ஓரத்தில் ஒரு பூ. பீங்கான் தட்டுக்கு என்ன நடந்ததோ தெரியாது. பூவை என்ன செய்வதென்றும் தெரியாமல் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன், மனைவி முறைத்தாள்.

மெனு அட்டையில் எழுதியிருந்தது: 'எஸ்டேட் ரொட்டி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் மறைந்துபோன மணம்.'

எனக்கு விசர் வந்துவிட்டது. மறைந்துபோனதாம். தானாக எழுந்து மறைந்து போயிற்றாக்கும்.

"அத்தான், இது முந்திச் சாப்பிட்டிருக்கிறியளோ?" என்று மச்சான் கேட்டான். ஓம், எப்பவோ ஒருக்கா என்றேன். என் அம்மா வவுனியாவுக்குப் பக்கத்தில் பூவரசங்குளத்து வீட்டில் தினமும் சுட்டது அந்த ரொட்டிதான். அதைத் தின்றுதான் இந்த உடம்பு வளர்ந்தது. ஆனாலும் எப்பவோ ஒருக்கா என்றேன். வாய் பழகிவிட்டது.

ரொட்டியில் பிழை சொல்ல முடியவில்லை. அது இன்னும் எரிச்சல். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு, தடிப்பாகத் தட்டி, கல்லில் விளிம்பு கருகச் சுட்டிருந்தார்கள். தேங்காய்ப்பூ கருகும் அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் கிளிநொச்சியில் இல்லை. மல்லாவியில் பாக்கியம் அக்காவின் தகரக் கடையில், பின்பக்கத்து வாங்கில் பலகையில் இருந்தேன்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய காலம். எனக்கு முதல் வேலை மல்லாவிப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கிடைத்திருந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். வெளிக்கள உத்தியோகத்தர் என்று பதவி. வெளிக்களம் என்பது பெரும்பாலும் அலுவலகத்துக்கு எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த பாக்கியம் அக்காவின் கடைதான். பத்து மணியானதும் ஆளுக்கொரு கோப்புக் கட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, நாட்டைத் திருத்தப் போகிறவர்களின் முகத்தோடு வீதியைக் கடப்போம். அந்த நாளில் நான் எழுதிய அறிக்கைகளில் பாதிக்குமேல் சம்பல் எண்ணெய் பட்டிருக்கும். பிரன்ச்சை நாங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம், பெயர்தான் வைக்கத் தெரியவில்லை.

அக்காவின் கடைக்கு மட்டும் எங்களுக்குப் பெயர் வைக்கத் தெரிந்திருந்தது. 'தோட்டக்காட்டுக் கடை'. பாக்கியம் அக்காவின் குடும்பம் இனக்கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தது. வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த மண்ணில் காடு வெட்டி, இதே சண்டைக்குள் எல்லாரோடும் ஓடி, எல்லாரும் பட்டதைப் பட்டு, எல்லாரோடும்தான் திரும்பி வந்தார்கள். ஆனாலும் ஊர் வாய்க்கு அவர்கள் தோட்டக்காடு, மலையிலிருந்து வந்த கூலிச் சனம். உழவு இயந்திரக்காரர்களும் கூலிக்கு வந்தவர்களும் வாசல் வாங்கிலில் இருந்து சாப்பிடுவார்கள். உத்தியோகத்தர்கள் நாங்கள் வீதியால் போகிறவர்களுக்குத் தெரியாமல் பின்பக்கத்து மறைப்புக்குள் இருப்போம். தின்ன வாய் இருந்தது, தின்றேன் என்று சொல்ல வாய் இல்லை.

நானும் அந்தப் பெயரைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அந்த மெனு அட்டையும் ஒன்றுதான். என் அப்பாவும் அம்மாவும் அதே மலையிலிருந்து, அதே கலவரத்தில் வந்தவர்கள். வீட்டில் நாங்கள் பேசியது மலைநாட்டுப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் சிரித்த பிறகு நான் என் வாயைத் திருத்திக்கொண்டேன். 'ஆமாங்க' போய் 'ஓம்' வந்தது. 'வாங்க' போய் 'வாங்கோ' வந்தது. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வவுனியாப் பெடியன் என்றுதான் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

பாக்கியம் அக்காவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஒருநாள் அவர் என் ரொட்டிக்குச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தார். அள்ளி அள்ளி வைக்கிற கை. நான் வேறு யோசனையில், "போதுங்க" என்றேன்.

வன்னிப் பக்கத்தில் ஒருவரும் போதும் என்று சொல்வதில்லை. காணும் என்பார்கள். அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. மறைப்புக்குள் அப்போது நான் ஒருவன்தான். அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பிக்கு எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

நான் வவுனியா என்றேன். அவர் தலையை ஆட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை. வருகிறவர்களையெல்லாம் வாங்கோ, இருங்கோ என்று கூப்பிடுகிறவர், நான் தனியாக வரும்போது மட்டும் வாங்க தம்பி என்பார். எனக்கு அது இனித்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். என்ன பிழைப்பு அது.

அந்த வருடம் வீதி அகலிக்க அளந்தார்கள். பாக்கியம் அக்காவின் கடை அளவுக்குள் அகப்பட்டது. தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகும்படி சொல்லியாயிற்று. அதே நேரம் எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. அதில் ஒரு கன்ரீன். நடத்த விருப்பமானவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தல் போட்டார்கள். அக்கா என்னிடம்தான் வந்தார். அது கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம், கிடைக்காவிட்டால் புருஷனும் தானும் மறுபடி ஊர் ஊராகக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்றார். "உங்க கையால எழுதிக் குடுங்க தம்பி. வேற யாருகிட்ட நான் கேக்க?"

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் ஒன்றும் எழுதியதில்லை. நாங்கள் எல்லாரும் தினமும் சாப்பிடுவது அவரிடம்தான் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்து வைத்தார்.

அதைக் கொண்டுபோய், எழுத்தர்களுக்கெல்லாம் பெரியவரான பிரதம லிகிதரின் மேசையில் வைத்தேன். ஏறக்குறைய ஓய்வு பெறும் வயது மனிதர், பத்து மணிக் கூட்டத்தில் முதல் ஆளாக வீதியைக் கடக்கிறவர். ஒரு தடவைக்கு நாலு ரொட்டி சாப்பிடுவார். அவர் கடிதத்தில் இருந்த அக்காவின் பெயரை வாசித்தார், கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன, தோட்டக்காட்டுக்கு வக்கீல் வேலையோ? உமக்கும் அந்தப் பக்கம் சொந்தமோ?"

அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு கேட்டாரா, பகிடிக்குக் கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சிரித்தேன். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தேன். "சீச்சீ, இல்லை சேர். சும்மா பகிடிக்கு எழுதினது" என்று சொல்லி, அந்தக் கடிதத்தை அவர் மேசையிலிருந்து எடுத்து, மடித்து, என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

அன்றைக்குப் பத்து மணிக்கு அக்கா ஆவலோடு கேட்டார், குடுத்துட்டீங்களா என்று. குடுத்திட்டன் என்றேன்.

அடுத்த நாளிலிருந்து என் ரொட்டிக்கு மேலே ஒரு முட்டை பொரித்து வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கடிதம் கொடுத்த பிள்ளைக்கு முட்டை. விண்ணப்ப முடிவு நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. லாச்சியைத் திறந்து, எடுத்து, வாசலில் வைத்திருந்த விண்ணப்பப் பெட்டியில் போட்டால் முடிந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்தேன். முடிவு நாள் போயிற்று. அதற்குப் பிறகும் முட்டை வந்தது. அதற்குப் பிறகும் தின்றேன்.

சொன்னேனே, கோபம் மெனு அட்டைமேல் என்று. பாதிப் பொய். அன்று மச்சான் எடுத்த படத்தை மனைவி என் கைபேசியிலிருந்து என் பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அந்தப் பிரதம லிகிதர் இப்போது ஓய்வில் இருக்கிறார். எல்லாருக்கும் முதல் அவர்தான் பதில் போட்டார்: 'பார்க்கவே வாய் ஊறுது, தம்பி. ஒருக்காப் போகவேணும்.' கைபேசியைச் சுவரில் எறியலாம்போல இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் செய்தது ஒரு கேள்வி கேட்டது. லாச்சியைப் பூட்டியது நான். எஸ்டேட் என்று ஆங்கிலத்தில் சொன்னால் கண்ணாடிச் சுவருக்குள் இருந்து தின்னலாம், தோட்டம் என்று தமிழில் சொன்னால் மறைப்புக்குள் இருந்துதான் தின்னவேண்டும் என்று பழக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த விண்ணப்பம் போயிருந்தாலும் ஒருவேளை குப்பைக்குத்தான் போயிருக்கும். அப்படியென்றால் அது அவர்களுடைய பிழையாக இருந்திருக்கும்.

கன்ரீன் வேறொருவருக்குப் போனது. அறிவித்தல் பலகையில் போட்ட அன்று நான் வீதியைக் கடக்காமல் இருந்திருக்கலாம். பத்து மணிக்குக் கால் தன்பாட்டில் போய்விட்டது. அக்காவுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அழவில்லை, ஏசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்க தம்பி. நம்ம புள்ள ஒன்னு உள்ள இருந்து எழுதிக் குடுத்துச்சு. இதுக்கு முன்னாடி நமக்குன்னு யாரு எழுதினாங்க?"

அப்போது சொல்லியிருக்கவேண்டும். பிளேன்ரீயை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

வீதிக்கு இயந்திரம் வந்த நாள் நான் வேண்டுமென்றே உண்மையான வெளிக்களத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது கடை இருந்த இடத்தில் கிரவல் பரவியிருந்தது. பக்கத்து சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன், எங்கே போனார்கள் என்று. தெரியாது என்றார். போகும்போது அக்கா உம்மைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு போனா, கந்தோருக்குள் நல்ல பிள்ளையென்று ஒன்று இருந்தால் அது நீர்தானாம் என்றார்.

இடமாற்றம் கிடைத்து மேசையைக் காலி செய்தபோது கடிதம் லாச்சியிலேயே கிடந்தது. சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போட்டேன். இப்போது அங்கே கடை இல்லை, கடிதம் இல்லை, மறைப்புக்குள் இருந்து தின்றவர்களும் ஊருக்கொருவராகப் போய்விட்டார்கள். பாக்கியம் அக்கா எங்கேயோ இருக்கிறார், நான் கொடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டு.