லிஸியின் நாலு நாள் லீவு

ரத்தநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஐ.வி. ஊசி போடுவதில் என் கைக்கு நல்ல பெயர். ஆனாலும் செல்வி என்ற நோயாளி, கூட வேலை பார்த்த நர்ஸ் லிஸியைத்தான் கூப்பிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

செல்விக்குப் பத்தொன்பது வயது, ரத்தப் புற்றுநோய். வித்துராவுக்கு மேலே மலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். கரமனைத் தமிழச்சி நான், தமிழில் பேசிப் பேசிப் பார்த்தேன். அவளோ லிஸியோடு மலையாளத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

கீமோவுக்குப் பிறகு அவள் ரத்த வெள்ளணு கவுண்ட் அடியோடு இறங்கியது. அந்த நாட்களில் நம்முடைய சாதாரணச் சளி அந்த நோயாளிகளின் உயிருக்கே உலை. "ஜலதோஷம் உண்டெங்கில் டியூட்டிக்கு வரண்டா, விளிச்சுப் பறஞ்ஞா மதி" என்பார் வார்டு இன்சார்ஜ். சளி இருந்தால் வர வேண்டாம், போனில் சொன்னால் போதும்.

ஒரு நாள் லிஸி இரண்டு முறை தும்மினாள். உடனே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"ரெண்டு தும்மலுக்கு நாலு நாள் லீவா?" என்று நக்கலடித்தேன். உள்ளுக்குள் ஒரே குஷி. மூன்றாம் நாள் செல்வி என்னை "அக்கா" என்றாள்.

நாலாம் நாள் காலை எனக்குத் தொண்டை கரகரத்தது, மூக்கு ஒழுகியது. நான் லீவு போட்டால் மறுநாள் லிஸி வந்து அந்த "அக்கா"வையும் எடுத்துக்கொள்வாள். பாராசிட்டமால் விழுங்கி, இரண்டு மாஸ்க் மாட்டிக்கொண்டு போனேன். மதியம் செல்வி கஞ்சி வேண்டாம் என்றாள். முகம் தெரியட்டுமென்று மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, கெஞ்சி ஊட்டினேன்.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் செல்விக்கும் காய்ச்சல். இருவர் மூக்கிலும் எடுத்த ஸ்வாபில் இன்ஃப்ளூயன்ஸா.

ஒரு வாரம் கழித்து நான் திரும்பியபோது அவள் ஐ.சி.யு.வில் இருந்தாள். வாசலில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு லிஸியிடம் சொன்னார். "ஒரு சளிக்கு நாலு நாள் லீவு போட்டீங்க. இந்தக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டே எம்பொண்ணுக்காக வந்தாங்க."

நான் ஏங்கிக் கிடந்த பாராட்டு. லிஸி என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சளிதாம்மா உங்க பொண்ணுக்கு வந்தது. வந்திருக்கவே கூடாது நான்" என்றேன். பிடித்திருந்த என் கையை அவர் மெல்ல விட்டார். இன்சார்ஜிடமும் நானே போய்ச் சொன்னேன்.

செல்வி பிழைத்தாள். வார்டுக்கு வந்ததும் கேட்டது லிஸியைத்தான். நானே போய்க் கூட்டி வந்தேன். அப்போதும் வயிறு எரியத்தான் செய்தது.

வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களே, மூக்கு ஒழுகினால் வீட்டில் இருங்கள். உங்கள் நோயாளியை இன்னொருத்தி உங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அதைத் தாங்கிக்கொள்வதும் இந்த வேலைதான்.