ஜவாஹிறா ராத்தாவின் முக்கால் கோப்பை

“தாய் குவெய் லெ!” என்று பஸ் ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போடுகிறார் ஜவாஹிறா ராத்தா. பக்கத்தில் இருக்கும் பெண் திடுக்கிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறாள். “பயப்படாதீங்க புள்ள, விலை கூடன்டு சீனத்துல செல்லிப் பாக்குறேன்” என்று சிரித்துவிட்டு மறுபடியும் ஜன்னலோடு பேரம் பேசத் தொடங்குகிறார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் துணிக்கடை நடத்தும் மனுஷி. ஐம்பது வயது எட்டிப் பார்க்கும் நேரத்தில், வெள்ளவத்தையில் ஒரு கல்லூரியில் சீன மொழியும் பண்பாடும் படிக்கிறார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை இப்போதுதான் விட்டு வந்த பிள்ளைகள். ஒரே சொல்லை நாலு தொனியில் சொல்லச் சொன்னால் அதுகள் திணறும். ராத்தாவுக்கு அது பெரிய விஷயமே இல்லை. “நாலாவது தொனி எனக்குப் பொறப்புலயே ஈக்கிது. வீட்டுல ஏசுற தொனிதானே!”

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், “ஷிராஸ்ட வாயால வந்த வினை” என்பார். ஷிராஸ், கணவர் றிகாஸின் தம்பி. றிகாஸுக்கு முதுகு வருத்தம், நெடுநேரம் பிளேனில் இருக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் சீனாவுக்குப் போய்ச் சரக்கு எடுப்பது ஷிராஸ்தான். எடுத்து வருவதைப் பார்க்க வேண்டுமே! போன நோன்புக்கு வந்த கத்தரிப்பூக் கலர் திரைச்சீலைகள் இன்னும் மேல்தட்டில் தூங்குகின்றன. ராத்தா தொட்டாலே துணியின் குணம் சொல்லிவிடுவார். நானும் வருகிறேன் என்று அவர் கேட்ட அன்று, குடும்பமே கூடியிருந்த இடத்தில் ஷிராஸ் சொன்னான்: “சீன பாஷை படிச்சிட்டு நீங்களே போங்க மதினி!” எல்லோரும் சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்தார். அடுத்த கிழமை கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

படிப்பு முடிவில் ஒரு செய்முறைப் பரீட்சை. விருந்தாளியை வரவேற்றுத் தேநீர் ஊற்றிக் கொடுத்துச் சீனத்தில் கதைக்க வேண்டும். ஆசிரியை லின் தானே விருந்தாளியாக வந்து அமர்ந்தார். ராத்தாவின் பேச்சு அருவி மாதிரி கொட்டியது. கையும் சும்மா இருக்கவில்லை, கோப்பையை விளிம்பு முட்ட நிரப்பிவிட்டது. லின் இல்லை என்று தலையை ஆட்டினார். சீன வழக்கத்தில் தேநீரை முக்காலுக்கு மேல் ஊற்றக் கூடாதாம். நிரப்பிக் கொடுத்தால், ‘குடித்துவிட்டு எழும்பிப் போ’ என்று விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரியாம். “யா அல்லாஹ்! கோப்பையக் கொறச்சு ஊத்துறது எங்கட பரம்பரையிலேயே இல்லயே!” என்று ராத்தா தலையில் கைவைத்தார். திருப்பிச் செய்து காட்டு என்று ஒரு கிழமை தவணை கிடைத்தது.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் ஒருவருக்கும் நிறைந்த கோப்பை கிடைக்கவில்லை. றிகாஸ் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, “என்ன, தேயிலை முடிஞ்சா?” என்றார். காரணம் தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். ராத்தா பரீட்சையில் தேறிய அன்று, சீனப் பயண டிக்கெட்டை மனைவி பெயருக்குப் போட்டவரும் அவரேதான்.

அன்று பின்னேரம் டிக்கெட் விஷயம் தெரியாமல் ஷிராஸ் வந்தான். வந்து, கதிரையில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டான். “பாஸ் பண்ணினதுக்கு சந்தோசம் மதினி. ஆனா பரீட்சை வேற, யாவாரம் வேற. இந்த முறையும் நானே போறேன். என்ன செல்றீங்க?”

ராத்தாவின் நாலாவது தொனி வரப்போகிறது என்று றிகாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது வரவில்லை. “இரிங்க, தேத்தண்ணி ஊத்துறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ராத்தா கேத்தலைத் தூக்கினார். கோப்பை பாதியானது, முக்காலானது. கேத்தல் நிமிரவில்லை. றிகாஸ் அவசரமாகச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். விளிம்பில் தளும்பிய கோப்பையை, கல்லூரியில் பழகிய அதே பவ்வியத்தோடு, இரண்டு கையாலும் ஷிராஸிடம் நீட்டினார் ஜவாஹிறா ராத்தா.