ஏலத் தளத்துக்கு எது சரி

கம்பத்துத் திராட்சை வியாபாரிகளுக்குப் பதினைந்து வருடமாக வெப்சைட் செய்து தருபவர் ஈஸ்வரபாண்டி. எல்லாமே பிஎச்பி என்ற பழைய கணினி மொழியில்தான். இம்முறை அவர்கள் நேரில் வந்து உட்கார்ந்து ஆன்லைன் ஏலத்துக்குத் தளம் கேட்டார்கள்.

அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அபிதா, "பிஎச்பிக்குப் பதிலா நோட் ஜேஎஸ்ல செஞ்சா, விலை ஏற ஏற எல்லார் போன்லயும் உடனே தெரியும்ண்ணே" என்றாள்.

அதுதான் சரி என்று அவருக்கும் தெரியும். ஆனால் வியாபாரிகள் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பியதும் வயிறு எரிந்தது. "அதெல்லாம் இங்கன சரிப்படாது" என்று பிஎச்பியிலேயே முடித்தார்.

முதல் ஏலத்தில் விலை தாமதமாக வந்து, ஒரே லோடுக்கு இருவர் சண்டை போட்டார்கள். அபிதா குத்திக்காட்டவில்லை. ஏலப் பகுதியை மட்டும் நோடில் எழுதினாள்.

அடுத்த ஏலம் சுத்தமாக நடந்தது. "யாரு செஞ்சாக?" என்று கேட்டார்கள்.

"அபிதாதான்" என்றார் ஈஸ்வரபாண்டி. அதற்கு அவள் சிரித்ததுகூட அவருக்குப் பிடிக்கவில்லை.